பழைய பிக்கப்பை வீட்டில் மீட்டெடுப்பது: எதை மாற்றலாம், எதை விடலாம்

அமெரிக்காவில் பழைய பிக்கப் ஒன்றை வாங்கி வீட்டு ஷெட்டில் நிறுத்துகிறவர், ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன்பே ஒரு வழக்கில் மாட்டிக்கொள்கிறார். ஆலையிலிருந்து வெளிவந்த நாளில் வண்டி எப்படி இருந்ததோ அப்படியே, போல்ட் தலையில் உள்ள முத்திரை வரைக்கும், திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பது ஒரு கட்சி. மேல்தோற்றம் பழையதாக இருக்கட்டும், அடியில் புது எஞ்சினும் டிஸ்க் பிரேக்கும் பவர் ஸ்டியரிங்கும் ஏசியும் இருக்கட்டும் என்பது இன்னொரு கட்சி. முன்னதை ரெஸ்டொரேஷன் என்கிறார்கள், பின்னதை ரெஸ்டோமாட் என்கிறார்கள். இரண்டு பக்கமும் வலுவான வாதங்கள் உண்டு. ஆனால் தன் வீட்டில், தன் கையால், தன் சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணத்தில் வேலை செய்கிறவருக்கு இந்தக் கட்சிப் பிரிவினை பெரிதாக உதவாது என்பது என் எண்ணம். அவர் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் வேறு. இந்த மாற்றம் உயிரைக் காக்கிறதா? நாளைக்கு இன்னொருவர் வேண்டாம் என்று நினைத்தால் இதைக் கழற்றிப் பழையபடி வைக்க முடியுமா? வண்டியின் ஒவ்வொரு பாகத்தையும் இந்தக் கேள்விகளோடு பார்த்தால் பல சண்டைகள் தாமாகவே தீர்ந்துவிடுகின்றன. சில தீராமலும் நிற்கின்றன.

பிக்கப்பின் பிறப்பிலேயே மாற்றியமைக்கும் பழக்கம் இருக்கிறது. தொடக்கத்தில் விவசாயிகளும் கடைக்காரர்களும் காரை வாங்கி, பின்பகுதியைக் கழற்றி, உள்ளூர் ஆட்களை வைத்து ஒரு சரக்குப் பெட்டியைப் பொருத்திக்கொண்டார்கள். ஃபோர்டு நிறுவனம் 1925இல்தான் மாடல் டி வண்டியில் ஆலையிலேயே பெட்டி பொருத்தி 281 டாலருக்கு விற்க ஆரம்பித்தது. அதன் பிறகும் இந்த வண்டிகள் ஆலையிலிருந்து வந்தபடியே இருந்ததில்லை. வைக்கோல் ஏற்ற மரச்சட்டம், டிரெய்லர் இழுக்கக் கொக்கி, உடைந்த பம்பருக்குப் பதில் வெல்டிங் போட்ட இரும்புக் குழாய் என்று தேவைக்கு ஏற்ப மாறிக்கொண்டே வந்தன. நம் ஊரில் பெட்ரோல் ஜீப்பை வாங்கி டீசல் எஞ்சின் ஏற்றி ஓட்டியவர்களும் இதே காரணத்துக்காகத்தான் ஏற்றினார்கள். உழைக்கிற வண்டிக்கு உழைப்புதான் முக்கியம். ஆகவே பந்தயக் காருக்கோ அரண்மனைக் காருக்கோ பொருந்துகிற அசல் வாதத்தை அப்படியே பிக்கப்புக்குத் தூக்கி வைப்பது சரியாக வராது.

வீட்டில் மீட்கப்படும் வண்டிகளில் மூன்று தலைமுறை திரும்பத் திரும்பத் தென்படுகிறது. 1947 நடுவிலிருந்து 1955 தொடக்கம் வரை வந்த செவ்ரோலெட் அட்வான்ஸ் டிசைன் வரிசை, 1953 முதல் 1956 வரையிலான ஃபோர்டு எஃப்-100, 1967 முதல் 1972 வரையிலான செவ்ரோலெட் சி-10. இவற்றில் முதலாவதன் அரை டன் வண்டியான 3100ஐத்தான் இந்தக் கட்டுரை பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறது. காரணம், மாற்றலாமா வேண்டாமா என்ற கேள்வி கூர்மையாக எழுவது அதில்தான். அதன் பிரேக்கும் மின்சாரமும் எஞ்சினும் இன்றைய சாலைக்கு ஒரு படி கீழே நிற்கின்றன. அதே சமயம் போல்ட்டும் ரிவெட்டும் கொண்ட மிக எளிய கட்டமைப்பு. பானெட்டைத் தூக்கினால் எஞ்சினின் இரண்டு பக்கமும் கையை முழுதாக விட்டு வேலை செய்ய இடம் இருக்கும். வீட்டில் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வண்டி அரிது.

துருவும் தகடும்

இந்த வண்டியை வாங்கப் போகிறவர் எஞ்சின் ஓடுகிறதா என்று முதலில் பார்க்கக் கூடாது. எஞ்சினைச் சரிசெய்ய ஆள் இருக்கிறார்கள், மாற்றவும் வழியிருக்கிறது. கேபின் தகடு போயிருந்தால்தான் செலவும் காலமும் எகிறும்.

கேபினின் பின்மூலையை எடுத்துக்கொள்ளுங்கள். கதவுக்குப் பின்னால், கீழே, தகடு உருண்டு திரும்பும் இடம். உள்ளே ஒரு பை போன்ற வெற்றிடம் உண்டு. கண்ணாடி ஓரத்து ரப்பர் காய்ந்து வெடித்ததும் மழைநீர் அங்கே இறங்குகிறது. பண்ணைத் தூசியும் வைக்கோல் பொடியும் அங்கே தங்கி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. துரு உள்ளிருந்து வெளியே வருவதால் பெயின்ட் மேலே பளபளப்பாகவே இருக்கும். ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தட்டினால் நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். அரித்த தகட்டில் ஒலி அமுங்கிப் போகும். ஒரு சின்னக் காந்தத்தை மேலிருந்து கீழே நகர்த்திக்கொண்டே வந்தால், பட்டி அப்பிய இடத்தில் காந்தம் பிடிப்பை விட்டுவிடும். விற்பவர் எதுவும் சொல்ல வேண்டியதில்லை, காந்தமே சொல்லிவிடும். அதேபோலத் தட்டிப் பார்க்க வேண்டிய இடங்கள்: காலை வைக்கும் தரைத் தகடு, கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் ராக்கர் பட்டி, கேபினைச் சேஸிஸோடு இணைக்கும் தாங்கிகள், முன் மட்காடின் கீழ்விளிம்பு.

இந்தத் துண்டுகள் எல்லாம் இன்று புதிதாக அச்சில் அடித்துக் கிடைக்கின்றன. கன்சாஸ் மாநிலத்தின் எல்எம்சி டிரக் போன்ற நிறுவனங்களின் பட்டியல் புத்தகத்தில் பின்மூலைத் தகடு முதல் கதவுப் பிடி வரை வரிசையாக இருக்கும். வேலையின் சிரமம் வெட்டுவதிலும் ஒட்டுவதிலும் இருக்கிறது. வெட்டுவதற்கு முன் கதவு வாசலின் குறுக்கே இரும்புக் குழாயைத் தற்காலிகமாக வெல்டிங் வைத்துக் கேபினின் வடிவத்தைப் பூட்ட வேண்டும். பூட்டாமல் ராக்கர் பட்டியை அறுத்தால் கேபின் தன் எடையிலேயே சில மில்லிமீட்டர் தொய்ந்துவிடும். அதன் பிறகு கதவு எந்தக் காலத்திலும் சரியாக மூடாது. ஒரு பக்கத்தை வெட்டி, பொருத்தி, கதவை மாட்டி மூடிப் பார்த்த பிறகுதான் மறுபக்கத்தைத் தொட வேண்டும். வெல்டிங்கை ஒரே கோடாக இழுத்துக்கொண்டு போகக் கூடாது. மிக் வெல்டிங்கில் 0.6 மில்லிமீட்டர் கம்பியைப் போட்டு ஒரு பொட்டு வைத்து, அரையடி தள்ளி இன்னொரு பொட்டு வைத்து, நடுவில் ஆறவிட்டு, இடைவெளிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்ப வேண்டும். அவசரப்பட்டால் சூட்டில் தகடு அலையலையாக நெளியும். அந்த நெளிவை மறைக்க அப்பும் பட்டி சில வருடங்களில் வெடித்துக்கொண்டு வெளியே வரும்.

சின்னப் பாகங்களின் துருவை நீக்க மின்பகுப்பு முறை வீட்டுக்கு நன்றாகப் பொருந்துகிறது. பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், அதில் சலவைச் சோடா, பேட்டரி சார்ஜரின் எதிர்முனையில் துருப்பிடித்த பாகம், நேர்முனையில் வேண்டாத ஓர் இரும்புத் துண்டு. அந்த வேண்டாத துண்டாக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைப் போட்டுவிடக் கூடாது. அதிலுள்ள குரோமியம் நச்சு வடிவில் தண்ணீரில் கரையும். ஹைட்ரஜனும் வெளிவருவதால் திறந்த வெளியில், தீப்பொறிக்கு எட்டாமல் செய்ய வேண்டும். பெரிய தட்டைத் தகடுகளுக்கு மணல் வீச்சு வேகமானது என்றாலும் அனுபவமில்லாதவர் கையில் பானெட்டையே வளைத்துவிடும்.

நிற்பதா, ஓடுவதா

3100இன் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். 1950 வரை ஹக் என்ற வகை. 1951 முதல் பெண்டிக்ஸ் வகை. பெண்டிக்ஸில் சக்கரத்தின் சுழற்சியே பிரேக் ஷூவை டிரம்மோடு இன்னும் அழுத்த உதவுகிறது. ஆகவே மிதிக்கிற காலுக்கு வேலை குறைவு. சரியாக அட்ஜஸ்ட் செய்த பெண்டிக்ஸ் டிரம் கிராமச் சாலையில் இன்றும் குறை வைக்காது. ஆபத்து டிரம்மில் இல்லை, கேபின் தரைக்கு அடியில் சேஸிஸில் உட்கார்ந்திருக்கும் மாஸ்டர் சிலிண்டரில் இருக்கிறது. அதில் இருப்பது ஒரே அறை. அங்கிருந்து கிளம்பும் எண்ணெய் நான்கு சக்கரத்துக்கும் போகிறது. ஏதாவது ஒரு சக்கரத்தின் ரப்பர் குழாய் வெடித்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் இல்லை. கை பிரேக் ஒன்றுதான் மிச்சம்.

இரண்டு அறை கொண்ட மாஸ்டர் சிலிண்டர் அமெரிக்க வண்டிகளில் 1967 வாக்கில்தான் பொதுவானது. அதை 3100இல் பொருத்த, பழைய போல்ட் துளைகளையே பயன்படுத்தும் தாங்கி கிடைக்கிறது. முன் சக்கரங்களுக்கு ஒரு வழி, பின் சக்கரங்களுக்கு இன்னொரு வழி. ஒன்று போனாலும் மற்றொன்று வண்டியை நிறுத்தும். சேஸிஸில் ஒரு வெட்டும் இல்லை. வேண்டாம் என்றால் ஒரே நாளில் கழற்றிப் பழையதை மாட்டிவிடலாம். நான் முன்வைத்த இரண்டு கேள்விக்கும் இவ்வளவு சுத்தமாகப் பதில் சொல்லும் மாற்றம் இந்த வண்டியில் வேறொன்று இல்லை. அசல் கட்சிக்காரர்களும் இதை ஒப்புக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓட்டுகிற வண்டியில் ஒற்றை அறைச் சிலிண்டரை அழகுக்காக வைத்திருப்பதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

முன் சக்கரத்துக்கு டிஸ்க் வைப்பது அடுத்த படி. வெயிலில் நீண்ட இறக்கத்தில் மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடேறிப் பிடிப்பை இழக்கும். தண்ணீரில் இறங்கி ஏறினாலும் அப்படித்தான். டிஸ்க்குக்கு அந்தத் தொல்லை வெகுவாகக் குறைவு. ஆனால் இங்கே பலர் தவறவிடும் ஒரு நுணுக்கம் உண்டு. 3100இல் மாஸ்டர் சிலிண்டர் தரைக்கு அடியில் தாழ்வாக இருப்பதால், காலிப்பரிலிருந்து எண்ணெய் மெல்லப் பின்னோக்கி இறங்கிவிடும். அடுத்த முறை மிதிக்கும்போது பெடல் பாதி தூரம் சும்மா போகும். இதைத் தடுக்க ஒவ்வொரு குழாயின் நடுவிலும் ஒரு வால்வு வேண்டும்: டிஸ்க் பக்கம் 2 பிஎஸ்ஐ, டிரம் பக்கம் 10 பிஎஸ்ஐ அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் வால்வு. இவற்றை மாற்றி மாட்டினால் டிஸ்க் எப்போதும் உரசிக்கொண்டே இருந்து சூடேறித் தேய்ந்துபோகும்.

சீட் பெல்ட் அந்தக் காலத்து வண்டிகளில் வழக்கமாக வந்ததில்லை. வைக்க வேண்டும். தரைத் தகட்டில் வெறும் துளை போட்டு வாஷரோடு மாட்டினால் மோதலில் தகட்டைக் கிழித்துக்கொண்டு போல்ட் வெளியே வந்துவிடும். அடியில் தடித்த பெரிய இரும்புத் தட்டு வைத்து இழுவிசையைப் பரப்ப வேண்டும். கேபினுக்குள் இருக்கைக்குப் பின்னால் பெட்ரோல் டாங்க் வைப்பதும் அன்றைய வழக்கம். சி-10இல் 1972 வரை இது தொடர்ந்தது. தலைக்குப் பின்னால் பெட்ரோலை வைத்துக்கொண்டு ஓட்டுவதைவிட, பெட்டிக்கு அடியில் சேஸிஸ் சட்டங்களுக்கு நடுவே புது டாங்க் மாட்டுவது மேல். இதுவும் போல்ட் வேலைதான்.

ஸ்டியரிங் விஷயத்தில் என் தீர்ப்பு இவ்வளவு உறுதியாக இல்லை. 3100இன் முன்னால் இருப்பது நேரான ஒற்றை ஆக்சில், கமான் பட்டை, கிங் பின். இதை முழுதாக அறுத்தெறிந்துவிட்டு 1974 முதல் 1978 வரை வந்த ஃபோர்டு மஸ்டாங் II காரின் முன்சஸ்பென்ஷனைப் போன்ற அமைப்பை வெல்டிங் வைப்பது வெகுகாலமாகப் பரவலாக நடக்கிறது. ஓட்டுவதற்குக் கார் மாதிரி இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் குறுக்குச் சட்டத்தின் வெல்டிங்கை நம்பித்தான் முன் சக்கரம் இரண்டும் நிற்கின்றன. கற்றுக்கொண்டிருக்கிற கை அங்கே வெல்டிங் வைக்கக் கூடாது. கிங் பின் புஷ்ஷை மாற்றி, கமான் பட்டைகளின் நடுவிலிருக்கும் துருவைத் தேய்த்து எடுத்து, ஸ்டியரிங் பாக்ஸை அட்ஜஸ்ட் செய்து, பழைய பயஸ் டயருக்குப் பதில் ரேடியல் டயர் போட்டாலே அலைபாய்தல் பெருமளவு நின்றுவிடும். முதலில் அதைச் செய்து ஆறு மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுப்பதுதான் நல்லது.

எஞ்சின் என்னும் பெரிய வழக்கு

1953 வரை 3100இல் வந்தது 216 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சின், அதாவது சுமார் 3.5 லிட்டர். அதன் கனெக்டிங் ராடு பேரிங்குகள் ஒயிட் மெட்டலை உருக்கி ஊற்றிச் செய்தவை. அவற்றுக்கு எண்ணெய் அழுத்தத்தோடு கிராங்க் ஷாஃப்ட் வழியாகப் போவதில்லை. ராடின் அடியில் உள்ள சின்ன அகப்பை ஒவ்வொரு சுற்றிலும் தொட்டியிலிருந்து எண்ணெயைக் கோரிக்கொள்கிறது. எண்ணெய் அழுத்த மீட்டரின் முள் மிகக் கீழே நிற்பதைப் பார்த்துப் புதிதாக வாங்கியவர்கள் பதறுவார்கள்; இந்த எஞ்சினுக்கு அதுதான் இயல்பு. மணிக்கு 70 கிலோமீட்டரில் பால் கேனும் தீவனமும் ஏற்றிச் செல்ல இது போதுமானது. இன்றைய நெடுஞ்சாலை வேகத்தில் மணிக்கணக்காக ஓட்ட இது பிறக்கவில்லை. பேரிங் தேய்ந்தால் ஒயிட் மெட்டல் ஊற்றத் தெரிந்தவரைத் தேடிப் போக வேண்டும். அந்தக் கைகள் வருடத்துக்கு வருடம் குறைகின்றன.

வேகத்தின் கணக்கைப் பார்த்தால் சிக்கல் புரியும். பின் ஆக்சிலின் விகிதம் 4.11. டயரின் விட்டம் 28 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 60 மைலில், அதாவது சுமார் 97 கிலோமீட்டரில், டாப் கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,960 சுற்று சுற்ற வேண்டும். இன்றைய எஞ்சினுக்கு அது ஒன்றுமில்லை. எண்ணெயை அகப்பையில் கோரும் 216க்கு அது தண்டனை. பின் ஆக்சிலில் 3.55 பல்சக்கரம் மாட்டினால் அது சுமார் 2,560ஆக இறங்கும். 0.70 ஓவர்டிரைவ் கொண்ட கியர்பாக்ஸ் கிடைத்தால் 2,070க்கு வந்துவிடும். ஆனால் 3100இல் டிரைவ் ஷாஃப்ட் ஒரு மூடிய குழாய்க்குள் ஓடுகிறது. அதன் ஒரு முனை கியர்பாக்ஸோடும் மறுமுனை பின் ஆக்சிலோடும் பிணைந்திருக்கிறது. கியர்பாக்ஸை மட்டும் மாற்ற முடியாது, ஆக்சிலையும் சேர்த்து மாற்றியாக வேண்டும். அதனால் பல்சக்கரம் மட்டும் மாற்றுவது எளிதான முதல் வழி. செவ்ரோலெட் எஸ்-10 பிக்கப்பின் ஐந்து கியர் பெட்டியையும் வேறொரு பின் ஆக்சிலையும் கொண்டுவருவது கொஞ்சம் பெரிய வேலை.

எஞ்சினைப் பொறுத்தவரை எனக்குப் பிடித்த வழி செவ்ரோலெட்டே காட்டியது. 1954இல் பிக்கப்புகளுக்கு 235 கன அங்குல எஞ்சின் வந்தது. முழு அழுத்த எண்ணெய் ஓட்டம், கழற்றி மாற்றக்கூடிய பேரிங் ஓடுகள். வெளியிலிருந்து பார்த்தால் 216இன் தம்பி போலவே இருக்கும். பெரிய மாற்றமின்றி அதே இடத்தில் உட்காரும். சில வருட மாடல்களில் தண்ணீர் பம்பின் உயரம் மாறுவதால் விசிறி ரேடியேட்டரில் இடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். அன்றைய பண்ணைக்காரர்களே 216 போனதும் 235ஐ ஏற்றிக்கொண்டார்கள். வண்டியின் காலத்துக்குள்ளேயே நடந்த மேம்பாடு என்பதால் இரண்டு கட்சிக்கும் உடன்பாடு வரக்கூடிய இடம் இது.

பலர் இங்கே நிற்பதில்லை. 1997இல் கார்வெட் காரில் வந்த எல்எஸ்1 எஞ்சினும், 1999 முதல் செவ்ரோலெட் பிக்கப்புகளில் வந்த அதன் 4.8, 5.3 லிட்டர் உறவினர்களும் இன்று பழைய வண்டி மாற்றங்களின் வழக்கமான தேர்வாகிவிட்டன. பழைய இரும்புக் கடைகளில் ஏராளமாகக் கிடைக்கின்றன, விலை குறைவு, நம்பிக்கையானவை. ஆனால் எஞ்சினின் விலை இதில் சின்னப் பங்குதான். எலெக்ட்ரானிக் கண்ட்ரோல் பெட்டி, அதன் வயர் கட்டு, 58 பிஎஸ்ஐ அளவில் பெட்ரோலைத் தள்ளும் பம்ப், புது டாங்க், ரேடியேட்டர், சைலன்சர், கியர்பாக்ஸ், பின் ஆக்சில் என்று ஒன்று ஒன்றை இழுத்துக்கொண்டு வரும். 216 தந்ததைப் போல மூன்று மடங்கு குதிரைத்திறனை டிரம் பிரேக்கும் ஒற்றை ஆக்சிலும் உள்ள வண்டியில் ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அதைத்தான் நான் முழுமனதோடு எதிர்க்கிறேன். பிரேக், ஸ்டியரிங், சீட் பெல்ட், வயரிங் நான்கும் முடிந்த பிறகே எஞ்சினைப் பற்றிப் பேச வேண்டும். வீட்டுக் கொட்டகைகளில் பாதியில் நிற்கும் வண்டிகளைப் பாருங்கள்: எஞ்சின் பளபளவென்று உட்கார்ந்திருக்கும், பிரேக் குழாய் இருக்காது.

மின்மோட்டார் இந்த வழக்கின் புதிய வரவு. 2019இல் செவ்ரோலெட் ஒரு 1962 சி-10ஐ மின்வண்டியாக்கி லாஸ் வேகஸின் செமா கண்காட்சியில் வைத்தது. 2021இல் ஃபோர்டு தன் மின்மோட்டாரைத் தனியாக விற்பனைக்குக் கொண்டுவந்து, அதைப் பொருத்திய 1978 எஃப்-100 ஒன்றை அதே கண்காட்சியில் காட்டியது. பழைய போல்ட் துளைகளிலேயே பேட்டரிப் பெட்டியையும் மோட்டாரையும் மாட்டினால், கழற்றித் திரும்ப வைக்கும் சோதனையில் இது எல்எஸ் மாற்றத்தைவிட நன்றாகவே தேறும். ஆனால் பல நூறு வோல்ட் நேர்மின்சாரம் வீட்டில் விளையாடிக் கற்றுக்கொள்ளும் பொருள் இல்லை. தொட்டவருக்கு இரண்டாவது வாய்ப்புக் கிடைக்காது. முறையான பயிற்சி இல்லாதவர் இதை வீட்டில் தொட வேண்டாம்.

பழைய எஞ்சினையே வைத்துக்கொள்கிறவர் எண்ணெயிலும் பெட்ரோலிலும் கவனமாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் சாலை வண்டிகளுக்கான ஈயப் பெட்ரோல் 1996 தொடக்கத்தோடு முற்றிலும் நின்றது. ஈயத்தின் பாதுகாப்பை நம்பிய பழைய வால்வு சீட்டுகள் பெருஞ்சுமையில் தேயும். ஹெட்டைக் கழற்றும்போது கடினமான சீட் வளையம் வைத்துவிடுவது நல்லது. எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாயை ஊறவைத்துப் பிய்த்துவிடும். எத்தனாலைத் தாங்கும் புதுக் குழாயை மாட்டிவிட வேண்டும். பத்து நிமிட வேலை, குறைந்த செலவு, தீ விபத்தைத் தடுக்கும்.

ஆறு வோல்ட்டும் தீயும்

1955 முற்பாதி வரையிலான செவ்ரோலெட் பிக்கப்புகளில் 6 வோல்ட் மின்சாரம். அதில் தவறு ஒன்றுமில்லை. ஆனால் 40 வாட் விளக்குக்கு 12 வோல்ட்டில் 3.3 ஆம்பியர் போதும். 6 வோல்ட்டில் 6.7 வேண்டும். மின்னோட்டம் இரட்டிப்பு என்பதால் வயர் தடிமனாக இருக்க வேண்டும், எர்த் இணைப்புகள் சுத்தமாக இருக்க வேண்டும். மங்கிய விளக்கைப் பார்த்து 12 வோல்ட்டுக்கு மாறத் துடிப்பவர்களில் பலருக்கு உண்மையில் வேண்டியது, துருவைச் சுரண்டி எடுத்த நல்ல எர்த். ஏசியோ எலெக்ட்ரானிக் எஞ்சினோ வேண்டும் என்றால் மட்டும் 12 வோல்ட் அவசியம். அப்போது பல்புகள், இக்னிஷன் காயில், டைனமோ மாற்ற வேண்டும். பெட்ரோல் மீட்டருக்கு வோல்ட்டைக் குறைக்கும் தடுப்பான் வேண்டும். எந்த வழியில் போனாலும் பழைய துணி சுற்றிய வயரை முழுதாக எடுத்துவிட வேண்டும். எழுபது வருடத்தில் அந்தத் துணியும் ரப்பரும் தொட்டால் பொடியாக உதிரும். பழைய பாணியிலேயே துணி உறை போட்ட, உள்ளே நவீன இன்சுலேஷன் கொண்ட வயர் கட்டு விற்பனைக்கு இருப்பதால் தோற்றத்தையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

பெயின்ட்டைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். அட்வான்ஸ் டிசைன் வண்டிகளின் வழக்கமான நிறம் ஃபாரஸ்டர் பச்சை. அந்தப் பச்சை பாதி உதிர்ந்து, அடியில் யாரோ ஒரு பண்ணையின் பெயர் கதவில் மங்கலாகத் தெரிகிற வண்டிகள் உண்டு. அவற்றைச் சுரண்டிப் புதுப் பெயின்ட் அடிக்காதீர்கள். பெபிள் பீச் கார் கண்காட்சியிலேயே மீட்கப்படாத, காலம் தொட்ட வண்டிகளுக்கென்று 2001 முதல் தனிப் பிரிவு இருக்கிறது. புதுப் பெயின்ட்டை எந்த வருடமும் அடிக்கலாம். கையால் எழுதிய அந்தப் பெயரைத் திரும்ப வரவழைக்க முடியாது.

வீட்டில் செய்வதால் வரும் ஆபத்துகள் தனி. பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. டிரம்மைக் கழற்றியதும் கம்பிரசர் காற்றால் ஊதித் தூசியைத் தட்டுவது பல பட்டறைகளின் பழக்கம். அந்தத் தூசி நுரையீரலில் போய்த் தங்கும். ஈரத்துணியால் துடைக்க வேண்டும். குளோரின் சேர்ந்த பிரேக் கிளீனரை அடித்துவிட்டு அது காய்வதற்குள் வெல்டிங் வைத்தால், ஆர்க்கின் வெளிச்சத்திலும் சூட்டிலும் அது பாஸ்ஜீன் வாயுவாக மாறக்கூடும். முதல் உலகப் போரில் ஆயுதமாகப் பயன்பட்ட அதே வாயு. இரண்டு கலவை கொண்ட நவீன பெயின்ட்டில் ஐசோசயனேட் இருக்கிறது. சாதாரண முகமூடியோடு ஷெட்டில் அடித்தால் ஆஸ்துமா வந்து வாழ்நாள் முழுக்க நிற்கலாம். அந்த ஒரு வேலையை வெளியே பெயின்ட் பூத் வைத்திருப்பவரிடம் கொடுத்துவிடுவதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதே இல்லை என்று நினைப்போம். ஆனாலும் ஒவ்வொரு முறையும் சொல்லியாக வேண்டும்.

வெட்டுவதும் பதிவதும்

பழைய வாகன மன்றங்களின் உலகக் கூட்டமைப்பான ஃபிவா 2012இல் டூரின் சாசனத்தை ஏற்றுக்கொண்டது. நினைவுச் சின்னங்களுக்கான 1964 வெனிஸ் சாசனத்தின் வழியில் எழுதப்பட்டது அது. மாற்றங்களை அது முழுதாகத் தடுக்கவில்லை. முடிந்தவரை குறைவாகச் செய்யச் சொல்கிறது, தோற்றத்தைக் குலைக்காமல் செய்யச் சொல்கிறது, செய்தவற்றைப் பதிவு செய்து வைக்கச் சொல்கிறது. அருங்காட்சியகத்துக்காக எழுதப்பட்டது போலத் தோன்றும் இந்த விதிகள் வீட்டுக் கொட்டகைக்கு இன்னும் நன்றாகப் பொருந்துகின்றன என்பேன்.

சி-10இல் நடக்கும் ஒரு வேலை இதற்கு நேர் எதிரானது. அந்த வண்டி நீளப் பெட்டியோடும் குட்டைப் பெட்டியோடும் வந்தது. முன்பின் சக்கரங்களுக்கு இடையில் நீள வண்டிக்கு 127 அங்குலம், குட்டை வண்டிக்கு 115 அங்குலம். குட்டை வண்டி பார்க்க அழகு என்பதால் அதற்கு விலை அதிகம். அதனால் நீள வண்டியின் சேஸிஸை நடுவில் 12 அங்குலம் வெட்டி எடுத்து, பின்னாலும் குறைத்து, ஒட்டிக் குட்டையாக்குகிறார்கள். நல்ல வெல்டர் செய்தால் உறுதியாகத்தான் இருக்கும். ஆனாலும் பண்ணைகளில் உழைத்தவை பெரும்பாலும் நீளப் பெட்டி வண்டிகள்தான். எட்டடிப் பெட்டி அந்த வண்டியின் வரலாறு. விலைக்காக அதை வெட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த வெட்டைத் திரும்ப ஒட்டி நீளமாக்கப் போகிறவர் யாரும் இல்லை.

சட்டம் ஊருக்கு ஊர் வேறு. கலிஃபோர்னியாவில் 1975 மாடலும் அதற்கு முந்தையவையும் புகைச் சோதனையிலிருந்து விலக்குப் பெற்றவை. அதனால்தான் அங்கே எஞ்சின் மாற்றத்துக்குப் பழைய பிக்கப்புகளைத் தேடுகிறார்கள். இந்தியாவில் நிலைமை வேறு. 2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கொண்டுவந்த விதிகள்படி, வின்டேஜ் வாகனம் என்று பதிவு பெற வண்டிக்கு 50 வயது கடந்திருக்க வேண்டும், அசல் வடிவில் இருக்க வேண்டும், பெரிய அளவில் மாற்றியமைக்கப்பட்டிருக்கக் கூடாது. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். எண் பலகையில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவும் உற்பத்தியாளரின் வடிவமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. தமிழ்நாட்டில் ஒரு பழைய வண்டியை மீட்க நினைப்பவர் எஞ்சின் மாற்றத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட வேண்டும்.

அமெரிக்காவிலும் காகித விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. அன்றைக்குப் பல மாநிலங்கள் பிக்கப்புகளை எஞ்சின் எண்ணைக் கொண்டு பதிவு செய்தன. வண்டியின் சொந்த எண் கதவுத் தூணில் உள்ள சின்னத் தகட்டில் இருக்கும். பதிவுச் சான்றில் இருப்பதோ எஞ்சின் பிளாக்கில் அடித்த எண். 216ஐ இறக்கிவிட்டு 235ஐயோ எல்எஸ்ஸையோ ஏற்றிய நாளிலிருந்து சான்றும் வண்டியும் பொருந்தாமல் போகும். விற்கப் போகும்போதோ வேறு மாநிலத்துக்குக் குடிபெயரும்போதோ அதிகாரி இதைக் கண்டுபிடிப்பார். எனவே எதையும் கழற்றுவதற்கு முன் இரண்டு எண்களையும் சான்றோடு ஒப்பிட்டுப் படம் எடுத்து வைத்து, பொருந்தவில்லை என்றால் கதவுத் தூணின் எண்ணுக்குச் சான்றை மாற்றி வாங்கிவிட வேண்டும். பெயின்ட் வேலையின்போது அந்தத் தகட்டைக் கழற்றுவதையும் தவிர்க்க வேண்டும். பல மாநிலங்களில் அது குற்றம். இறக்கிய பழைய எஞ்சினை, வெடித்துப் போயிருந்தாலும், பதிவு மாறிக் கைக்கு வரும்வரை ஷெட்டின் ஓரத்தில் வைத்திருக்க வேண்டும்.